அந்தக் காலத்தை முன்னால் கொண்டு வாங்க

“தம்பி, அந்தக் காலத்தைக் கொஞ்சம் முன்னால கொண்டுவந்து வையுங்களேன்.”

2009-இல் லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஆபீஸின் இரண்டாவது மாடியில் இப்படி ஓர் அக்கா என்னிடம் கேட்டார். அவர் கேட்டது கடந்த காலத்தை இல்லை. நான் எழுதிக் கொடுத்திருந்த சாஃப்ட்வேரில் பதினாறாவதாக இருந்த ‘பி.எல். எண்’ (பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்கு ரசீதின் எண்) என்ற காலத்தை.

முதலில் இந்தச் சொல்லைத் தீர்த்துவிடுவோம்: இது ஆங்கிலக் ‘காலம்’ (column). பள்ளியில் அணிகள் பாடத்தில் நிரை, நிரல் என்று படித்தோம். படுக்கையில் போவது நிரை, நிமிர்ந்து நிற்பது நிரல். கணினித் தமிழிலோ நிரல் என்றால் புரோகிராம். அப்படிப் பார்த்தால் நான் எழுதியது நிரலில் உள்ள நிரலை நகர்த்தும் நிரல். வேண்டாம். பாரிமுனையில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஃபாரம் நிரப்பும் காலத்திலிருந்து லெட்ஜர் காலம் வரைக்கும் எல்லாமே காலம்தான். “என் காலம் காணாமப் போச்சு” என்று போன் வந்தால் பயப்பட வேண்டியதில்லை என்பதை நான் சீக்கிரமே கற்றுக்கொண்டேன்.

நான் புதுவண்ணாரப்பேட்டைக்காரன். தனியாக உட்கார்ந்து சின்னச் சின்ன ஆபீஸ்களுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது பிழைப்பு. ராஜாஜி சாலையில் கஸ்டம்ஸ் ஹவுஸ் இருப்பதால், அதற்கு நடந்து போகிற தூரத்தில் லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெரு, மண்ணடி என்று எல்லா மாடிகளிலும் கிளியரிங் ஆபீஸ்கள் இருக்கும். சரக்கு இறக்குமதி செய்கிற பார்ட்டிக்காகச் சுங்கத்தில் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவம் போட்டு, டூட்டி கட்டி, கண்டெய்னரை வெளியே எடுத்து, லாரி ஏற்றி அனுப்புவது இவர்கள் வேலை. ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு ஜாப் நம்பர். அதுவரை எக்செலில் வைத்திருந்ததை நான் ஒரு சாஃப்ட்வேராக மாற்றினேன்.

மாற்றினேன் என்றால், மைக்ரோசாஃப்டின் டாட் நெட்டில் ‘டேட்டா கிரிட் வியூ’ என்று ஒன்று இருக்கிறது. 2005-இல் டாட் நெட் 2.0-வோடு வந்தது. திரையில் கட்டம் கட்டமாக அட்டவணை காட்டும். அதைத் தூக்கி ஜன்னலில் போட்டு, டேட்டாபேஸைக் கோத்துவிட்டேன். 23 காலங்கள் வந்து நின்றன. எந்த வரிசையில்? டேபிளை உருவாக்கியபோது எனக்கு எது எது ஞாபகம் வந்ததோ, அந்த வரிசையில். ஒரு காலத்துக்கு அது தானாகக் கொடுக்கும் அகலம் 100 பிக்சல். 23-க்கு 2300. அந்த ஆபீஸ் மானிட்டரின் மொத்த அகலமே 1024. பாதிக்கு மேல் திரைக்கு வெளியே.

எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. தகவல் எல்லாம் இருக்கிறது, கீழே ஸ்க்ரோல் பட்டை இருக்கிறது, இழுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே. காலம் நகர்த்துவதெல்லாம் பொட்டு வைத்துப் பூ வைக்கிற வேலை என்று நினைத்தேன். அக்கா கேட்டபோதுகூட, “அடுத்த தடவை பார்க்கலாம்க்கா” என்று சொல்லிவிட்டு, அவர் தொல்லைக்காகச் சில காலங்களை மட்டும் கோடிங்கில் 70, 75 பிக்சலுக்குக் குறைத்துவிட்டு வந்தேன். அப்படிக் குறைத்ததில் ஒன்று கண்டெய்னர் எண்.

கண்டெய்னர் எண்ணுக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 6346 என்ற தரம். நாலு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒற்றைச் சரிபார்ப்பு இலக்கம், ஆக மொத்தம் 11. உதாரணத்துக்கு எல்லாரும் காட்டுகிற எண்ணையே எடுத்துக்கொள்கிறேன்: சி.எஸ்.கியூ.யூ. 305438, சரிபார்ப்பு இலக்கம் 3. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு கொடுத்து, இடத்துக்கு இடம் 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்ணால் பெருக்கிக் கூட்டினால் 6185 வரும். அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. அதுதான் கடைசி இலக்கம். அடுத்த பெட்டி 305439 என்றால் கூட்டுத்தொகையில் 512 கூடி 6697 ஆகும், மீதி 9. ஆக ஒன்று 3054383, இன்னொன்று 3054399. ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினால்கூடப் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்படி அழகாக யோசித்துச் செய்த ஏற்பாடு.

ஆனால் டேட்டா கிரிட் வியூ, எழுத்து கட்டத்துக்குள் அடங்காவிட்டால் வாலை வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைக்கும். என் 75 பிக்சலில் இரண்டு பெட்டியும் ‘சி.எஸ்.கியூ.யூ. 30543…’ என்று ஒரே முகத்தோடு நின்றன. இந்த எண்கள் உதாரணம்தான், நடந்தது வேறு எண்ணில். அதே போல ஒரே பார்ட்டிக்கு அடுத்தடுத்த எண்ணில் இரண்டு பெட்டி. ஒன்று கிளியர் ஆகிவிட்டது, இன்னொன்று சுங்க எக்ஸாமினேஷனில் நிற்கிறது. ஃபீல்டு பார்க்கும் காசிமேட்டுத் தம்பி திரையில் பார்த்த பாதி எண்ணை ஃபைலில் தேடி, முதலில் கிடைத்ததை லாரிக்காரரிடம் சொல்லிவிட்டார். லாரி எண்ணூர் விரைவுச் சாலையில் மற்ற கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து மணலிப் பக்கம் யார்டுக்குப் போய், கேட்டில் எண் ஒத்துப்போகாமல், வெறும் லாரியாகத் திரும்பியது.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். யாரும் திட்டவில்லை. அந்தத் தம்பிதான், “அண்ணே, இன்னாண்ணே இது, வாலு இல்லாத நம்பரை வெச்சிக்கினு நான் எந்தப் பொட்டியத் தேடுறது?” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கு அந்த ஆபீஸில் என் சாஃப்ட்வேரைப் பயன்படுத்தும் மூன்று பேரிடமும் ஆளுக்கொரு பேப்பர் கொடுத்தேன். உங்களுக்கு எது எது எந்த வரிசையில் வேண்டும், எழுதுங்கள்.

கணக்கு பார்க்கும் அண்ணன் ஏழு காலம் மட்டும் எழுதினார். ஜாப், பார்ட்டி, டூட்டி, பார்ட்டி கொடுத்த அட்வான்ஸ், நாம் போட்டது, பில் தொகை, மீதி. மற்றதெல்லாம் கண்ணிலேயே படக் கூடாதாம். ஃபீல்டு தம்பிக்கு வேண்டியது முதலில் ஃப்ரீ டேஸ் முடியும் தேதி. அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். அதற்குப் பக்கத்தில் முழு கண்டெய்னர் எண், யார்டு, லாரி எண். ஜாப் நம்பர், பார்ட்டி எல்லாம் பின்னால் எங்காவது கிடக்கட்டும். டாக்குமென்ட் டைப் செய்யும் அக்கா ஒரு பழைய செக் லிஸ்ட்டின் பின்பக்கத்தில் பத்தொன்பது காலம் எழுதியிருந்தார். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல்., இந்தப் பேப்பர்களைப் புரட்டும்போது எந்தத் தகவல் எந்த வரிசையில் கண்ணில் படுமோ அச்சு அசல் அதே வரிசை. பன்னிரண்டாவதாக மட்டும் ‘வெறும் இடம்’ என்று எழுதியிருந்தது. அந்த வெறும் இடத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்று பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மூன்று பேர் மூன்று வேறு ஆபீஸில் வேலை செய்கிற மாதிரி இருந்தது. என் 23 காலத்தின் வரிசை மூவரில் ஒருவருக்கும் பொருந்தவில்லை.

சரி, காலத்தை இழுத்து நகர்த்தும் வசதியைத் திறந்துவிடுவது ஒரே ஒரு வரி. தானாக அது மூடித்தான் இருக்கும், திறந்துவிட்டால் தலைப்பைப் பிடித்து இழுத்து வேண்டிய இடத்தில் விடலாம். அகலத்தைக் கோட்டைப் பிடித்து மாற்றலாம், கோட்டில் இரண்டு தட்டு தட்டினால் உள்ளே இருக்கும் எழுத்துக்குத் தக்கபடி அதுவே விரியும். அக்கா பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டார். மாலைக்குள் அவருடைய பத்தொன்பதும் அவர் வரிசையில். மறுநாள் காலை திறந்தால் எல்லாம் பழையபடி. நகர்த்துவது சுலபம், நகர்த்தியதை ஞாபகம் வைத்திருப்பதுதான் வேலை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சேமித்தேன். ஒவ்வொரு காலத்துக்கும் ‘டிஸ்ப்ளே இண்டெக்ஸ்’ என்று ஓர் எண் உண்டு, திரையில் இடமிருந்து எத்தனையாவது என்று. மூடும்போது அதை எழுதி வைத்து, திறக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். ஏழெட்டு வரிசை போட்டுச் சோதித்தேன், எல்லாம் சரி. ஃபீல்டு தம்பிக்கு மட்டும் கண்டெய்னர் எண்ணும் ஜாப் நம்பரும் இடம் மாறி வந்தன. அவர் சரிசெய்வார், மறுநாள் மறுபடி மாறும். அவர் ஏதோ தட்டுகிறார் என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தவறு என்னுடையது. ஷேர் ஆட்டோவில் நடுவில் ஒருவர் ஏறினால் என்ன ஆகும்? மற்றவர்கள் நகர்ந்து உட்கார வேண்டும். ஒரு காலத்தை ஓர் இடத்தில் வைத்தால் மற்றதெல்லாம் அப்படித்தான் நகரும். நாலே காலம் வைத்துச் சொல்கிறேன். என் டேபிளில் இருக்கும் வரிசை: ஜாப், பார்ட்டி, கண்டெய்னர், தேதி. தம்பி கேட்டது: தேதி, கண்டெய்னர், ஜாப், பார்ட்டி. நான் என் டேபிள் வரிசைப்படியே ஒவ்வொன்றாக அமர்த்தினேன். ஜாபை மூன்றாம் இடத்தில் வைத்தேன், வரிசை பார்ட்டி, கண்டெய்னர், ஜாப், தேதி ஆனது. பார்ட்டியைக் கடைசியில் வைத்தேன்: கண்டெய்னர், ஜாப், தேதி, பார்ட்டி. கண்டெய்னரை இரண்டாம் இடத்தில் வைத்தேன்: ஜாப், கண்டெய்னர், தேதி, பார்ட்டி. கடைசியாகத் தேதியை முதலிடத்துக்கு இழுத்தேன். அது போய் உட்கார்ந்ததும் மற்றவை தள்ளின: தேதி, ஜாப், கண்டெய்னர், பார்ட்டி. ஒவ்வொருவரையும் அவரவர் சீட்டில் சரியாகத்தான் உட்கார வைத்தேன், கடைசியில் ஏறியவர் இரண்டு பேரை நகர்த்திவிட்டார்.

தீர்வு ரொம்பச் சின்னது. எந்தக் காலம் முதலில் தெரிய வேண்டுமோ அதை முதலில் அமர்த்து, அப்புறம் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. உட்கார்ந்தவரை யாரும் தாண்டிப் போக மாட்டார்கள். இதில் வேடிக்கை, தப்பான வழியிலும் நிறைய வரிசைகள் தற்செயலாகச் சரியாகவே வந்துவிடும். என் ஏழெட்டுச் சோதனையும் அப்படித் தேறியவைதான்.

இன்னொரு தொல்லை, ரிஃப்ரெஷ். பட்டியலைப் புதுப்பிக்க, கிரிட்டுக்குக் கொடுத்த தரவைக் காலியாக்கிவிட்டு மறுபடி கொடுப்பேன். காலங்களைத் தானாக உருவாக்கும் வசதி ஆன் ஆகவே இருந்ததால், ஒவ்வொரு முறையும் பழைய காலங்கள் செத்து, புதிதாகப் பிறந்தன. அதை அணைத்துவிட்டு, காலங்களை நானே ஒரு தடவை உருவாக்கி வைத்ததும் தீர்ந்தது.

எங்கே சேமிப்பது என்பதிலும் ஒரு சிக்கல். டாட் நெட் தரும் வசதி, விண்டோஸ் யூசருக்கு ஒரு கோப்பு என்று வைத்துக்கொள்ளும். அந்த ஆபீஸில் இருந்தது இரண்டு கணினி, ஒரே விண்டோஸ் யூசர், பெயர் அட்மின். கணக்கு அண்ணன் பதினாறு காலத்தை மறைத்துவிட்டு எழுந்து போனால், அடுத்து உட்காரும் அக்காவுக்கும் அதே ஏழுதான். அதனால் டேட்டாபேஸிலேயே ஒரு டேபிள் போட்டேன். என் சாஃப்ட்வேரின் லாகின் பெயர், எந்தக் கிரிட், எந்தக் காலம், எத்தனையாவது, எவ்வளவு அகலம், தெரியுமா மறைவா. யார் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அவரவர் காலம் அவரவர் கூடவே வரும்.

‘எந்தக் காலம்’ என்பதை நான் முதலில் எண்ணாகத்தான் வைத்திருந்தேன், பெயராக அல்ல. அதன் பலன் 2017 ஜூலையில் வந்தது. ஜி.எஸ்.டி. 1-ஆம் தேதி சனிக்கிழமை அமலானது. இறக்குமதியில் அதுவரை இருந்த சி.வி.டி., எஸ்.ஏ.டி. என்ற கூடுதல் சுங்க வரிகள் போய், பெரும்பாலான சரக்குக்கு ஐ.ஜி.எஸ்.டி. வந்தது, சிலவற்றுக்கு செஸ். நான் டேபிளில் நடுவில் இரண்டு காலத்தை எடுத்துவிட்டு வேறு இரண்டைக் கடைசியில் சேர்த்தேன். திங்கட்கிழமை காலை மூவரின் வரிசையும் குழம்பிக் கிடந்தது. பழைய ஜாப்களைத் திறந்தால் சி.வி.டி. கட்டிய தொகையைக் காணோம். ஊரே ஜி.எஸ்.டி.யில் குழம்பியிருந்த நாளில் என் குழப்பத்தையும் அதன் கணக்கில் எழுதிவிட்டார்கள், தப்பித்தேன். அன்று இரவே எண்ணைத் தூக்கிவிட்டுக் காலத்தின் பெயரை வைத்தேன். பழைய காலங்களை நீக்காமல் திரும்பக் கொண்டுவந்து, மறைத்து மட்டும் வைத்தேன்.

சிறியவை சில. ஓரத்தில் சில காலங்களை நகராமல் நிறுத்தி வைக்கும் ‘ஃப்ரோசன்’ வசதியில் ஒரு காலத்தை நிறுத்தினால் அதற்கு இடப்பக்கம் உள்ளதெல்லாம் சேர்ந்தே நிற்கும். அக்கா ஒருநாள் பத்தாவது காலத்தை நிறுத்திவிட்டார். நின்றவையே திரையை முழுக்க அடைத்துக்கொண்டன, ஸ்க்ரோல் செய்தாலும் எதுவும் அசையவில்லை. “சாஃப்ட்வேர் ஹேங் ஆயிடுச்சு” என்று போன். இப்போது திரையின் பாதி அகலத்துக்கு மேல் நிறுத்த விடுவதில்லை. அதே போல ஒரு காலத்தைச் சுருக்கினால் 5 பிக்சல் வரை போகும், கோடு மாதிரி ஆகிவிடும். காணாமல் போன காலங்களில் பாதி இப்படிக் கோடாகிக் கிடந்தவை. குறைந்தபட்சத்தை 40 ஆக்கினேன். கண்டெய்னர் எண்ணுக்கு மட்டும் 11 எழுத்தும் தெரிகிற அகலத்துக்குக் கீழே யாராலும் சுருக்க முடியாது, முதலாளியாலும்.

இனி வெறும் இடம்.

அக்கா கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எதற்கு என்றேன். “கண்ணு மூச்சு விட வேணாமா தம்பி?” என்றார். சரி, தலைப்பில்லாத, எதுவும் எழுத முடியாத ஒரு காலி காலத்தைச் செய்து பன்னிரண்டாவதாக வைத்தேன். அது பாட்டுக்குப் பத்து வருஷம் இருந்தது.

2019-இல் புது வெர்ஷன் போட்டபோது அதைப் பார்த்து எனக்கே கூச்சமாக இருந்தது. காலி காலமெல்லாம் ஒரு வேலையா? ஒரு காலத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் கோட்டைத் தடிமனாக்க டேட்டா கிரிட் வியூவிலேயே வழி இருக்கிறது. 12 பிக்சலுக்கு ஒரு தடித்த கோடு போட்டுவிட்டு, காலி காலத்தை எடுத்துவிட்டேன். பார்க்க முன்னைவிட அழகாக இருந்தது.

புதுவண்ணாரப்பேட்டை மெட்ரோ ஸ்டேஷன் அப்போது திறந்திருக்கவில்லை. பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ராயபுரம் தாண்டுவதற்குள் போன். “தம்பி, எடையில தேதி போய் உக்காருது.”

திரும்பிப் போய் அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. கண் முழுக்க இடது பக்கம் கிளிப் போட்டு நிறுத்திய இன்வாய்ஸில். வலது கை எண் விசையில், இடது கை டேப் விசையில். டைப், டேப், டைப், டேப். பதினோராவது காலம் முடிந்ததும் இடது கை டேப்பை இரண்டு முறை தட்டியது, அந்த இடைவெளியில் வலது கை இன்வாய்ஸைப் புரட்டிப் பேக்கிங் லிஸ்ட்டை மேலே கொண்டு வந்தது. டேப்பை அழுத்தினால் கிரிட் திரையில் தெரிகிற வரிசைப்படி அடுத்த கட்டத்துக்குப் போகும், காலி காலத்திலும் ஒருமுறை நிற்கும். அந்த ஒரு நிற்றலில்தான் பேப்பர் மாறியது. பத்து வருஷமாக. கோடு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அதில் டேப் நிற்காது. அதனால் இரண்டாவது டேப் ஒரு கட்டம் தாண்டிப் போய், அடுத்து வருகிற எல்லாம் ஒரு காலம் தள்ளித் தள்ளி விழுந்தது.

அங்கேயே உட்கார்ந்து காலி காலத்தைத் திரும்பப் போட்டேன். அக்கா ஒரு ஜாப் முழுக்க டைப் செய்து பார்த்துவிட்டு, “இப்ப வந்துச்சு” என்றார். பையனை அனுப்பி பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் வாங்கி வரச் சொன்னார். எனக்குப் பூண்டு தூக்கலாக.

அக்கா போன வருஷம் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்த பெண்ணுக்குப் புது லாகின் போட்டுக் கொடுக்க இரண்டு வாரத்துக்கு முன் போயிருந்தேன். இப்போது 1920 பிக்சல் மானிட்டர், விண்டோஸில் எழுத்தளவு 125 சதவீதம். பழைய அகலங்களை அதற்குத் தக்கபடி பெருக்கிக் கொடுக்காவிட்டால் கண்டெய்னர் எண்ணின் வால் மறுபடி வெட்டுப்படும். அதைச் சரிசெய்துகொண்டே, காலங்களின் பட்டியலைத் திறந்து எப்படித் தேர்வு செய்வது என்று காட்டினேன். பட்டியலின் கடைசியில் ‘வெறுங்காலம்’ என்று ஒன்று இருப்பதைப் பார்த்து, “இது எதுக்கு சார்?” என்று கேட்டாள். வேண்டாமென்றால் விட்டுவிடும்மா என்றேன்.

நேற்று டேட்டாபேஸை பேக்கப் எடுக்கும்போது சும்மா அவள் வரிசையைப் பார்த்தேன். வெறுங்காலத்தை ஏழாவதாக வைத்திருக்கிறாள்.